செல்வி அக்கா சொல்லாத வெற்றி

மாசி, வியாழன் இரவு.

வெளிநாட்டு ஆன்லைன் பிங்கோ தளம் ஒன்றுக்கு ஆள் சேர்த்துவிடுவது என் வேலை. என் பக்கத்தைப் படித்துவிட்டு அந்த நாட்டுக்காரர் யாராவது சேர்ந்தால் எனக்குக் கமிஷன். ‘சீக்கிரம் ஜெயிக்கலாம்’ என்றுதான் இத்தனை நாளும் தலைப்புப் போட்டேன். அவர்கள் எதற்காக ஆடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதைப் பார்க்கத்தான் சாயங்காலம் ஓமலூர் மகளிர் சங்கத்துத் தம்போலாவுக்குப் போனேன். அதுவும் கூப்பிடுகிற எண்ணைச் சீட்டில் அடிக்கிற அதே ஆட்டம்தான்; எல்லாம் அடித்தவர் முதலில் சொன்னால் ஜெயிப்பு. பக்கத்தில் இருந்த செல்வி அக்காவின் சீட்டில் எல்லா எண்ணும் அடித்தாகிவிட்டது. வாயே திறக்கவில்லை.

“ஏனுங்கக்கா, ஜெயிச்சுட்டீங்களே, சொல்லலீங்களா?”

“சும்மா இரு சாமி. சொன்னா ஆட்டம் முடிஞ்சுரும். அப்பறம் ஊட்டுக்குல்ல போவோணும்?”

ஆறு மணிக்கு வாட்ச்மேன் விளக்கை அணைத்த பிறகுதான் எழுந்தார்.

எங்கள் தளத்தில் விளக்கை அணைக்க ஆளில்லை. கம்பெனிக்கும் அதுதான் வேண்டும். நாளைக்கு அந்தத் தலைப்பைத் தூக்கப்போகிறேன். ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இனி என் பக்கத்தின் முதல் வரி. கம்பெனி மேனேஜர் கத்தினால் கத்தட்டும். எந்த ஊரிலோ ஒரு செல்வி அக்கா இப்போதும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்.