தங்கை கையில் மறுபடியும் கத்தரி

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல முணுமுணுக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும்.

போனில் நீ அழுததைத் தங்கையிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. படிக்கும்போது விடுதியிலிருந்து நீ கொண்டுவந்த காய்ச்சல் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது, அந்தக் கிருமிதான் இப்போது அவள் நரம்பைக் கெடுத்திருக்கிறது என்று எதையோ படித்துவிட்டு உருகுகிறாய். அவள் சிரித்துவிட்டாள். உங்க சிகரெட்டுதான் காரணம்னு நீங்க சொல்றீங்க, வெயில்ல விளையாட விடாம வளர்த்துட்டேன்னு அம்மா சொல்றாங்க, இப்ப அண்ணனுமா, நோய்லகூட பங்கு கேக்கற குடும்பம் நம்மதுதான் என்றாள். அந்தக் கிருமி அநேகமாக எல்லோர் உடம்பிலும் ஒருமுறை நுழைந்ததுதானாம், அதில் வெகு சிலருக்கே இந்த நோய் வருகிறதாம். பிறவி வாகு, புகை, வெயில் படாதது, இன்னும் டாக்டர்களுக்கே பிடிபடாத ஏதேதோ சேர்ந்து, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி என்கிற காவல்காரனே ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையைக் கடிக்கிறான். இன்னார்தான் காரணம் என்று யாரையும் பிடித்து நிறுத்த முடியாதாம், உன்னையும் சேர்த்துத்தான்.

அவள் கை மரத்துக் கத்தரி நழுவியபோது சலூன் வேலை அவ்வளவுதான் என்று பயந்தோம். ஸ்டீராய்டு ஏற்றியதில் மரப்பு மெல்ல இறங்கியது. இப்போது மாதாமாதம் ஊசி, அது பழைய சேதத்தை ஆற்றாது, அடுத்த தாக்குதலைத் தடுக்கும். கைதான் சரியாயிடுச்சே, ஊசிய நிறுத்தினா என்ன என்று அம்மா கேட்டாள். இது நல்லா இருக்கறப்பவும் போடவேண்டிய மருந்தும்மா என்று சொல்லி, பிரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர் போகும்வரை வைத்திருந்து, தானே தொடையில் போட்டுக்கொள்கிறாள். நாள் முழுக்க இறைச்சி வெட்டுகிற நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்த முறை மூளை ஸ்கேனில் புதிய தழும்பு எதுவும் இல்லை.

நேற்று மறுபடி வேலைக்குப் போனாள். யார் முதலில் உட்காருவது என்று சலூனில் எல்லோரும் தயங்கினார்கள். என் கறிக்கடையைச் சாத்திவிட்டுப் போய் நானே உட்கார்ந்தேன். ஆடாம இருங்கப்பா, பழி என் கை மேல வரும் என்று அதட்டினாள். இரண்டு காதும் இருந்த இடத்தில் இருக்கின்றன. கண்ணாடியில் அவள் கையைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது, முடி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். அவளைப் பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

நீ நோய்நொடி இல்லாமல், மனதில் பாரம் இல்லாமல் வாழ வேண்டும். தங்கை எழுதச் சொன்னது ஒன்று உண்டு. ஊருக்கு வர்ற வரைக்கும் அண்ணன் வேற யார்கிட்டயும் முடி வெட்டிக்கக் கூடாது, அந்தத் தலை எனக்கு வேணும் என்றாள்.

ஆசிகளுடன்,
அப்பா