கழுவிய முகம்

என்னோடு பேசாத மருமகளுக்கு,

ராஜபாளையத்துக் கல்யாணப் பத்திரிகைகளின் சக்கரவர்த்தி எழுதுவது. நீ போஸ்டர் அச்சடிக்கப் படம் ஏற்றிவைத்த ஸ்கிரீன் துணியை எலி கடித்துவிட்டது, எலி ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்து உயரம் இருந்தது என்றேன் அல்லவா? எலியே இல்லை. நான்தான் அதிலிருந்த படத்தைக் கழுவி அழித்தேன்.

அமெரிக்காவில் சிகானோ என்கிற மெக்சிக வம்சாவளி ஓவியர்கள் தோட்டக் கூலிகளின் முகத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார்கள், அவர்களைப் பார்த்து ஊர் ஊராக ஓவியர்கள் கற்றுக்கொண்டார்கள், நானும் கற்றுவந்தேன் என்றாய். மில்லில் ஓய்வு நேரம் கேட்டு நின்ற செல்வலட்சுமியை அப்படியே வரைந்தாய். அன்று மதியம் அந்த மில் முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வந்தது. பயந்துவிட்டேன்.

நேற்று செல்வலட்சுமி கடைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, போஸ்டர்ல என் மூஞ்சி வருதுன்னு உங்க மருமக பாப்பா சொல்லிச்சு. ஒண்ணு குடுங்க, வீட்டுல ஒட்டணும்.”

“கெட்டுப்போச்சு தாயி.”

“அம்புட்டு மோசமாவா இருந்துச்சு என் மூஞ்சி?” என்று சிரித்துக்கொண்டே ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

ஊரையே விற்கிற வாயை மூடிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ வரைந்த மூலப் படம் உன்னிடம் இருக்கும். வந்து நீயே அச்சிடு. தாள்களை நான் காயப்போடுகிறேன். முதல் தாளை அவள் கையில் நீ கொடு. கெடுத்தது யார் என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்