பதில் இல்லை என்றால் நலம்

நாள் 1 – 09:10
செவ்வாய்க் கிரகம், நடுவண் குடியிருப்பு. மனச்சோர்வில் வாடும் இளைஞர்களுக்கான 'தோள்' ஆதரவுத் திட்டத்தை மதிப்பிட வந்திருக்கிறேன். பயனாளிகள் 212 பேர். வாரம் மூன்று கேள்விகள் திரையில் வரும், பதில் சொல்ல வேண்டும். நலமடைந்தோர் 94 சதவீதம். கருவிகள் சீராக இயங்குகின்றன. காபி கண்றாவி.

நாள் 2 – 16:40
94 எப்படி வந்தது என்று கிளறினேன். தொடர்ந்து நான்கு வாரம் பதில் தராதவர்களை 'நலம்' என்று குறித்திருக்கிறார்கள். அப்படி மட்டுமே அறுபத்தொரு பேர்! எந்த மடையன் எழுதிய விதி என்று தேடினேன். கீழே என் கையெழுத்து. போன மதிப்பீட்டில் காலிக் கட்டங்கள் அசிங்கமாகத் தெரிந்தன. நிரப்பச் சொன்னது நான்தான்.

நாள் 3 – 08:05
விடிய விடிய அந்த அறுபத்தொரு பேரையும் அழைத்தேன். பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் அழுதார்கள். இருதயராஜ் மட்டும் எடுக்கவில்லை. வயது பத்தொன்பது. வடக்கே பனிக்கட்டி துளையிடும் குடிலில் தனியாள் வேலை. பதினோரு வாரமாகப் பேச்சில்லை.

இயக்குநர் புகழேந்தி அனுப்பிய செய்தி: "மேடம், பையன் நலம்னுதானே இருக்கு? அறிக்கைய முடிங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

நாசமாய்ப் போக. வண்டியை எடுத்துவிட்டேன்.

நாள் 3 – 13:30
குடிலில் ஆள் இல்லை. படுக்கை மடித்து வைத்திருக்கிறது. வெளியுடையைக் காணோம். திரையில் பச்சை எழுத்து: 'இருதயராஜ், நீங்கள் நலம். வாழ்த்துகள்.' வாசலிலிருந்து காலடித் தடம் மேட்டுப் பக்கம் போகிறது. திரும்பி வந்த தடம் இல்லை.

நடக்கப் போகிறேன். இனி குரல் பதிவுதான். நான் வராவிட்டால், இதைக் கண்டெடுப்பவரே, முதலில் அந்த விதியை அழியுங்கள்.

நாள் 3 – 14:10
வானொலியில் கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது. வெளியுடையில் ஆறு மணி நேரக் காற்றுதான் இருக்கும். அவன் எப்போது கிளம்பினான் என்று தெரியாது. பயமாக இருக்கிறது.

நாள் 3 – 14:22
பதில் வந்தது. ரொம்ப மெதுவான குரல்.

"யாருக்கா நீங்க? நான் நல்லாத்தானே இருக்கேன். திரையில அப்படித்தான் போட்டிருந்துச்சு. நலம்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். இதுக்கு மேல சரியாவாதுன்னா அப்புறம் எதுக்குக்கா..."

இரைச்சல். வேறெதுவும் கேட்கவில்லை.

நாள் 3 – 14:31
தெரிகிறான். மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். கையசைக்கிறேன். அவன் அசைக்கவில்லை. ஓடுகிறேன். இருதயா, அது பொய்டா, நான்தான் எழுதினேன். கேக்குதா? நீ நல்லா இல்ல. உனக்கு ரொம்ப முடியல. யாருமே வந்து பாக்கல. எந்திரி. எந்திரிடா, தம்—

[குரல் பதிவு இங்கே அறுந்துவிட்டது.]