குழாயின் அடியில் படிந்த மண்டி

மவுண்ட் வெல்லிங்டன்
4 நவம்பர் 2025

அன்பின் ராகவி,

இன்று எழுந்ததும் முதல் வேலையாக என் வீசாக் கடிதத்தை மறுபடி வாசித்தேன். இந்த ஆய்வுகூடத்தின் பெயர் மட்டுமே அதில் இருக்கிறது. இந்த நாட்டில் வேறெங்கும் நான் வேலை செய்ய முடியாது. நிமலனும் மகளும் என்னோடு இங்கே இருப்பதும் அந்தத் தாளில்தான் தொங்குகிறது.

மாட்டு வைத்தியம் பார்க்கும் உனக்கு இது விளங்கும். ஒரு பெட்டைக் குதிரை மூன்று வருடமாகச் சினைப்படவில்லை. வெளியே ஒரு அறிகுறியும் இல்லை. பஞ்சுக்குச்சியால் எடுத்துப் பார்த்தபோதும் கிருமி வரவில்லை. ஆகவே அதன் வைத்தியர் கருப்பையைக் கழுவி, அந்த நீரை எங்களுக்கு அனுப்பினார். போன வியாழன் நான்தான் பார்த்தேன். குழாயை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, அடியில் படியும் மண்டியைத்தான் எடுக்க வேண்டும். பேராதனையில் நாம் படித்ததுதானே. அன்று வேலை குவிந்திருந்தது, சுழற்றாமல் மேல்நீரையே எடுத்துப் பார்த்துவிட்டேன். கிருமி இல்லை என்று அறிக்கை போய்விட்டது.

நேற்றுக் குளிர்பெட்டியில் மிச்சக் குழாயைக் கண்டு சுழற்றிப் பார்த்தேன். மண்டி முழுக்கச் சீழ் அணுக்கள், நடுவே மணி கோத்ததுபோல் கிருமிகள். கழுவி, சரியான மருந்தை உள்ளே விட்டால் இந்தப் பருவத்திலேயே சினைப்படக்கூடும். ஆனால் என் அறிக்கையை நம்பி, மலடென்று வெள்ளிக்கிழமை அதைக் கொல்லக் கொடுக்கிறார்களாம்.

மேற்பார்வையாளர் ராம்பிரசாத்திடம் சொன்னேன். சென்னைக்காரர், கெட்டவரில்லை. "விடுங்க அக்கா, ரிப்போர்ட் போயாச்சு. ஏற்கெனவே ஒரு வார்னிங் வாங்கிட்டீங்க, இன்னொண்ணு வந்தா என்னால காப்பாத்த முடியாது" என்றார். வீட்டில் நிமலனிடமும் சொன்னேன். "உமக்கென்ன விசரே? குதிரைக்கு வீசா தேவையில்லை, எங்களுக்குத் தேவை" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, மகளின் பரீட்சை எப்போது முடியும் என்று கேட்டார். இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்.

ஆய்வுகூடத்துக் கார்ப் பார்க்கில் இருந்து எழுதுகிறேன். எட்டு மணிக்கு அந்த வைத்தியர் தொலைபேசியை எடுப்பார். பிழை என்னுடையது என்று என் பெயரைச் சொல்லியே பேசப்போகிறேன். இது நிமலனுக்கும் தெரியாது.

பதிலை இந்த விலாசத்துக்குப் போடாதே. அது வரும்போது நாங்கள் இங்கே இருப்போமோ தெரியாது, நான் எழுதும்வரை பொறு. நல்லூர்க் கோயிலுக்குப் போனால் அந்தக் குதிரையின் பேரில் ஒரு கற்பூரம் கொளுத்து. மற்றதை முருகன் விளங்கிக்கொள்வான்.

உன்,
கிருசாந்தி