நாலாவது எல்லை

செவ்வாய்க்கிழமை

யாழ்ப்பாணத்துக் காணி வழக்கில் இவர் இன்று இங்கே வென்ட்வேர்த்வில் வீட்டிலிருந்து வீடியோவில் சாட்சி சொன்னார். காணி உறுதிப் பத்திரம் சண்டைக் காலத்தில் எரிந்துவிட்டது. மாமா, இவரின் அப்பா, வாயால் சொல்லிவைத்த எல்லைகள்தான் மிச்சம். யார் கேட்டாலும் மூன்று எல்லைகளை இவர் சொல்வார், நாலாவதை நான் சொல்வேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதுதான் பழக்கம்.

அறைக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாதாம். நான் இவருக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனேன்.

"வடக்கு ஒழுங்கை, கிழக்கு கேணி, தெற்கு பனங்கூடல்" என்றவர் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மேற்கு சின்னத்தம்பியற்ற வளவு" என்றேன்.

"ஆர் அங்க சொல்லிக் குடுக்கிறது?" என்றார் நீதிபதி. சாட்சியத்தை ஏற்கவில்லை.

இவர் என்னை ஏசவேயில்லை. சாப்பிடும்போது மட்டும் சொன்னார்:

"எனக்கும் தெரியுமப்பா. நீர் சொல்லுவீரெண்டு விட்டனான்."