வாகட்டின் பூஜ்யங்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கள் டீம் தலைவர் ரகுநாதன் சாரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கொசுப்புழு எண்ணிக்கைக்கு எந்தப் புள்ளியியல் மாடல் என்பதில் இரண்டு வாரமாக என்னோடு மல்லுக்கு நிற்கிறார். மழையில் ஏறி வெயிலில் இறங்கும் எண்ணிக்கை இது. வாகட் பகுதி அடுக்குமாடிகளில் மட்டும் எல்லா மாதமும் பூஜ்யம். பூஜ்யங்களைத் தனியாகக் கணக்கில் கொள்ளும் மாடல்தான் சரி என்றேன்.

இன்று எல்லார் முன்னாலும் கேட்டார்: "கொட்டுற மழையில ஒரு புழுகூட இல்லையா? என்னம்மா கதை விடுற?"

"டேட்டா சொல்லுது சார். உங்களுக்குப் புரியலன்னா நான் என்ன பண்றது?" என்றேன். வாகட்டுக்கு இந்த மழைக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று அறிக்கைகூட எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் வாயை அடைக்க ஆதாரம் தேடி, வாகட்டில் கணக்கெடுக்கும் எஸ்தர் அக்காவுக்குச் சாயங்காலம் போன் போட்டேன்.

"எங்க எண்ணுறது மேடம்? வாட்ச்மேன் கேட்டுக்குள்ளயே விடமாட்டான். ஆப்ல காலியா விட்டா அடுத்த பக்கம் போகாது. அதான் ஜீரோ போட்டுட்டு அடுத்த ஏரியா பிம்ப்ரிக்கு பஸ் ஏறிடுவேன்."

பூட்டிய கேட்டுகளுக்குத்தான் இரண்டு வாரமாக மாடல் தேடியிருக்கிறேன். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று அந்த ஆப்பில் கட்டாயம் வைத்தவள் நானேதான்.

நாளை அந்த மனிதரிடம் சொல்லியாக வேண்டும். கத்தினால் திருப்பிக் கத்திவிடலாம். "பரவாயில்லம்மா" என்று மட்டும் சொல்லித் தொலைக்கக் கூடாது.