அழுகிப்போன லாவண்டர் வேர்

மாமா,

சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. சாவி ஆணியில. உக்காந்து எழுதினா பஸ் போயிடும், நின்னுக்கிட்டே கிறுக்கறேன்.

பத்து மணிக்கு ஒருத்தர் சரளைக்கல் கொண்டுவருவார். ரோஸ்மேரிச் செடியைச் சுத்திப் பரப்பச் சொல்லுங்க, தண்டுல ஒட்டக்கூடாது.

நேத்து உங்க மகன் முன்னாடியே உங்களைப் பாத்துக் கத்திட்டேன். நான் ஊர்ல இல்லாத பத்து நாளும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம லாவண்டரைக் காயவிட்டீங்கன்னு. "தினம் ரெண்டு வேளை ஊத்தினேம்மா"ன்னீங்க. சும்மா சமாளிக்காதீங்கன்னு உங்க வாயை அடைச்சேன்.

ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. காலையில செடியைப் பிடுங்கிப் பாத்தேன். வேரெல்லாம் கறுத்து, கொழகொழன்னு ஒரே நாத்தம். தண்ணி தேங்கி அழுகியிருக்கு. வறண்ட மண்ணுல வாழற ஜாதி மாமா அது. அதிகம் ஊத்தினா செத்துடும்னு உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல. நீங்க ஊத்தினது நிஜம்.

ரோஸ்மேரிக்கு இந்த வாரம் தண்ணி வேண்டாம். மத்தியானம் வாடின மாதிரி தெரிஞ்சாலும் மனசு கேக்காம ஊத்திடாதீங்க. விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, ஈரம் தட்டினா விட்டுடுங்க.

கல்லுக்காரர் வந்ததும் எனக்குப் போன் பண்ணுங்க.
வேணாம், நீங்களே பாத்துக்குவீங்க.

கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். பஸ் போனாப் போகட்டும். தோட்டக் குழாயோட கைப்பிடியை உங்களுக்குத் தெரியாம கழட்டி என் பையில போட்டிருந்தேன். திரும்ப மாட்டிட்டுப் போறேன்.